பந்து தொடாத மரம்

டேபிள் டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கு மட்டை வாங்கித் தரும் பெற்றோர் ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. மட்டையின் நடுவில் இருப்பது கைப்பிடி வைத்த ஒரு மெல்லிய மரப்பலகை. அதன் இரு பக்கமும் ரப்பர் ஒட்டி மூடிவிடுகிறோம். பந்து படுவதெல்லாம் ரப்பரில்தான். விளிம்பில் தப்பித் தவறிப் பட்டால் ஒழிய, ஆட்டம் முழுக்கப் பந்து மரத்தைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க, தேர்ந்த ஆட்டக்காரர்கள் ரப்பர் இல்லாமல் அந்தப் பலகைக்கு மட்டும் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார்களே, எதற்கு?

"வேகத்துக்கு" என்பார் கடைக்காரர். பாதி உண்மை. எந்த வேகம், எப்போது, யாருக்கு என்று மேலே கேட்டால் பதில் குழம்பத் தொடங்கும். அடித்து ஆடுபவர் ஒருவர் தனக்கான பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

பெட்டியில் எழுதியிருப்பது

ரப்பர் ஒட்டாத பலகையை ஆட்டக்காரர்கள் பிளேடு என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். பிளேடு வரும் பெட்டியில் தடுப்பாட்டம், எல்லா ஆட்டமும், தாக்குதல் என்று ஏதாவது ஒரு வகை அச்சிட்டிருக்கும். தாக்குதல் வகைக்குள்ளேயே ஆஃப் மைனஸ், ஆஃப், ஆஃப் பிளஸ் என்று மூன்று படிகள். சில நிறுவனங்கள் வேகத்துக்கு ஓர் எண்ணும் போடும்.

இந்தப் படிகளை அளந்து சான்று தரும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பிளேடுகளைத் தனக்குள் ஒப்பிட்டுத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. ஒரு நிறுவனத்தின் ஆஃப், இன்னொரு நிறுவனத்தின் ஆஃப் பிளஸை விட வேகமாக இருக்கலாம். மதிப்பெண் போட்டவரே பொருளை விற்பவரும் என்பதை மறக்க வேண்டாம்.

விதிப்புத்தகமும் இதில் அதிகம் தலையிடுவதில்லை. சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி மட்டை எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம். பிளேடு தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். அதன் பருமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். உள்ளே ஒட்டும் அடுக்குக்குக் கார்பன், கண்ணாடி இழை போன்றவற்றால் வலுவூட்டலாம். ஆனால் அப்படிப்பட்ட ஓர் அடுக்கு மொத்தப் பருமனில் 7.5 விழுக்காடு, அல்லது 0.35 மில்லிமீட்டர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் தயாரிப்பாளர்களின் வித்தையெல்லாம் நடக்கிறது.

திருவானைக்காவலில் பிறந்தவர் கேட்ட கேள்வி

ஒரு பந்து பலகையில் மோதித் திரும்பினால் வந்த வேகத்தைவிடக் குறைவான வேகத்தில்தான் திரும்புகிறது. குறைந்த பங்கு எங்கே போயிற்று? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர், திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவில் பிறந்தவர். சி. வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது ஒளிச்சிதறல். அதற்கு முன்பு கல்கத்தாவில் அவர் பல ஆண்டுகள் ஒலியிலும் அதிர்விலும் மூழ்கிக் கிடந்தார். மிருதங்கத்தின் நாதம் ஏன் சுருதியோடு இணைகிறது என்று ஆராய்ந்தது பலருக்குத் தெரியும். மோதல்களையும் அவர் ஆராய்ந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1918-ல் மிக மெதுவாக மோதும் கோளங்களைப் படம் பிடித்து ஒரு கட்டுரை, 1920-ல் கோளம் ஒன்று தகட்டில் மோதுவதைப் பற்றி இன்னொரு கட்டுரை. இரண்டும் 'ஃபிசிகல் ரிவ்யூ' என்ற அமெரிக்க ஆய்விதழில் வந்தன.

இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கனத்த கல்லின் மேல் ஓர் எஃகுக் குண்டைப் போட்டால் நன்றாக எழும்பும். அதையே மெல்லிய தகட்டின் மேல் போட்டால் குண்டு சோம்பலாக எழும்பும், தகடு கணீரென்று ஒலிக்கும். அந்த ஒலிதான் சாட்சி. குண்டிடம் இருந்த ஆற்றலில் ஒரு பகுதி தகட்டுக்குள் வளைவு அலைகளாகப் பரவிவிட்டது. குண்டு கிளம்பிப் போன பிறகும் தகடு அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வில் இருப்பது குண்டுக்குத் திரும்பி வராத கடன். தகடு மெல்லியதாக ஆக, குண்டு பெரிதாக ஆக, இழப்பு கூடும். 1941-ல் கிளாரன்ஸ் ஜீனர் என்ற அமெரிக்க இயற்பியலர் இந்தக் கணக்கை மேலும் விரிவாக்கினார்.

ராமன் டேபிள் டென்னிஸை நினைத்து இதை எழுதவில்லை. அவர் எடுத்துக்கொண்டது எல்லையில்லாமல் பரந்த தகடு. அதில் கிளம்பிய அலை போனது போனதுதான். நம் பிளேடோ உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. கிளம்பிய அலை விளிம்பில் மோதித் திரும்பி வரும். அது திரும்பி வருவதற்குள் பந்து போய்விட்டதா, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு பிளேடின் குணம் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

1 மில்லி விநாடிக்குள்

பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். அது மட்டையோடு ஒட்டியிருக்கும் நேரத்தைத் தொடுநேரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதற்குள் என்னென்ன நடக்கிறது? முதலில் ரப்பரின் மேல்தோல் நசுங்கும். அடுத்து அதன் கீழுள்ள ஸ்பாஞ்ச். இரண்டும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வலைக்கு அருகே மெதுவாகத் தொட்டுவிடும் பந்து ஸ்பாஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும்; மரத்துக்குச் செய்தி லேசாகத்தான் போகும். ஓங்கி அடிக்கும்போது ஸ்பாஞ்ச் கிட்டத்தட்ட முழுதும் நசுங்கி, அதற்கு மேல் நசுங்க இடமில்லாமல், விசை மரத்தின் மேல் இறங்குகிறது. மரம் வளைகிறது. பந்து மரத்தைத் தொடாமலே மரத்தை வேலை வாங்குவது இப்படித்தான்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் தட்டிப் பார்க்க வேண்டும். 'நன்றாக வளையும் பிளேடு வில்லைப் போலப் பந்தை எறியும்' என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. ரப்பர் ஒட்டாத தாக்குதல் பிளேடுகளைத் தட்டினால் விநாடிக்குச் சுமார் 1,200 முதல் 1,600 தடவை அதிர்கின்றன. ஒரு பக்க ரப்பர், வெட்டிய பிறகு, 45 முதல் 50 கிராம் இருக்கும். இரு பக்கமும் ஒட்டியதும் பிளேடின் தலைப்பகுதி இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிடும். அதிர்வு மந்தமாகி, ஒரு முழு அதிர்வுக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகிவிடும். தொடுநேரமும் அதே அளவுதான். ஆக, வளைந்த மரம் நிமிர்ந்து வருவதற்கும் பந்து கிளம்புவதற்கும் இடையே ஒரு போட்டி. மரம் விறைப்பாக இருந்தால் சீக்கிரம் நிமிர்ந்து, வாங்கியதில் பெரும்பகுதியைப் பந்திடமே திருப்பிக் கொடுத்துவிடும். தொளதொளப்பாக இருந்தால் பந்து போன பிறகு நிமிரும். மிச்சம் உள்ளங்கையில் அதிர்வாக வந்து சேரும்.

எனவே வில் உவமை பொருந்தாது. விறைப்பான பிளேடு வேகமானது என்றால், அது எதையும் கூட்டிக் கொடுப்பதால் அல்ல, குறைவாக எடுத்துக்கொள்வதால். பந்தின் வேகத்தில் பெரும்பங்கு எப்போதும் கை தருவதுதான்.

அப்படியானால் எடுத்துக்கொள்ளும் பிளேடை யார் வாங்குவார்கள்? டாப் ஸ்பின் ஆடுபவர்கள். மட்டை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று கொள்வோம். 1 மில்லி விநாடியில் அது ஒன்றரை சென்டிமீட்டர் நகரும். பந்தை மேல்நோக்கிச் சுரண்டிச் சுழல வைக்க ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் முழுத் தூரமும் அவ்வளவுதான். பிளேடும் ரப்பரும் விட்டுக்கொடுத்துத் தொடுநேரம் பத்தில் ஒரு பங்கு நீண்டால் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் கிடைக்கும். கேட்கச் சிறிது. ஆனால் எதிராளி கனத்த சுழலோடு அனுப்பிய பந்தைத் திருப்பிச் சுழற்றுபவருக்கு அது பெரிய வித்தியாசம்.

'ஃபீல்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கும் இங்கே விடை இருக்கிறது. விரலிலிருந்து மூளைக்குச் செய்தி போகச் சுமார் 20 மில்லி விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பிய பந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். உணர்ந்து அடியைத் திருத்த யாராலும் முடியாது. அந்த அதிர்வு அடுத்த அடிக்கான பாடம். அதிர்வே தராத பிளேடு பாடமும் தராது. பயிற்சியாளர்கள் வளரும் பிள்ளைகளுக்குக் கார்பனைத் தள்ளிப்போடச் சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது.

0.3 மில்லிமீட்டர்

விறைப்பை எப்படிக் கூட்டுவது? எளிய வழி, தடிமனாக்குவது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். இரண்டை மூன்று முறை பெருக்கிக்கொள்வதால் வரும் எட்டு அது. மிகச் சிறிய மாற்றத்துக்கும் இதே விதிதான். 5.8 மில்லிமீட்டர் பிளேடு 6.1 ஆனால் தடிமன் கூடியது 5 விழுக்காடு, விறைப்பு கூடியது 16 விழுக்காடு. 0.3 மில்லிமீட்டர் என்பது மூன்று அச்சுத்தாள்களின் தடிமன்.

கடையில் இரண்டு பிளேடுகளைப் பக்கத்தில் வைத்து 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்று யாராவது சொன்னால், கண் அதை ஏற்கும். கை ஏற்காது. பிளேடு வாங்கப் போகும்போது ஒரு வெர்னியர் அளவுகோல் கையில் இருந்தால் பெட்டியில் அச்சிட்ட வேக எண்ணை மட்டும் நம்பத் தேவையில்லை.

ஒரே இழை, இரண்டு இடங்கள்

அடுத்த வழி கார்பன். 'கார்பன் போட்டது' என்று பொதுவாகச் சொல்வதில் முக்கியமான விஷயம் நழுவிவிடுகிறது. எவ்வளவு கார்பன் என்பதைவிட எந்த இடத்தில் என்பது பெரிய கேள்வி. ஒரு மாதிரிப் பிளேடை எடுத்துக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மொத்தம் 5.8 மில்லிமீட்டர். நடுவில் கிரி என்ற லேசான ஜப்பானிய மரம், 3.2 மில்லிமீட்டர். அதன் இரு பக்கமும் வெளிநோக்கி ஒரே வரிசை: 0.6 மில்லிமீட்டர் லிம்பா, 0.2 மில்லிமீட்டர் இழை, வெளித்தோலாக 0.5 மில்லிமீட்டர் கோட்டோ. ஒரு பக்கம் 1.3, இரு பக்கமும் 2.6, நடுமரத்தோடு சேர்த்து 5.8.

பலகை வளையும்போது ஒரு முகம் நீளப் பார்க்கிறது, மறு முகம் சுருங்கப் பார்க்கிறது. சரியாக நடுவில் நீளவும் சுருங்கவும் செய்யாத ஒரு தளம் இருக்கிறது. அதை நடுத்தளம் என்போம். நடுத்தளத்தில் இருக்கும் பொருள் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் வளைவைத் தடுக்காது, ஏனென்றால் அங்கே அதை யாரும் இழுப்பதில்லை. விலகிப் போகப் போக அதன் பங்கு கூடும். அதுவும் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கிய கணக்கில் கூடும்.

நம் பிளேடில் நடுத்தளத்திலிருந்து மேற்பரப்பு வரை 2.9 மில்லிமீட்டர். வெளித்தோலுக்கு 0.5 கழித்து, இழையின் பாதித் தடிமனுக்கு 0.1 கழித்தால், இழை இருக்கும் தூரம் 2.3. இப்போது இழையையும் லிம்பாவையும் இடம் மாற்றுவோம். இழை உள்ளே போய் நடுமரத்தை ஒட்டிக்கொள்கிறது. தூரம் 1.7 ஆகிவிடும். 2.3-ஐ 2.3-ஆல் பெருக்கினால் 5.29. 1.7-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.89. முதலாவது இரண்டாவதைப் போல 1.8 மடங்கு. அதே இழை, அதே எடை, கிட்டத்தட்ட அதே செலவு. 0.6 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைத்ததற்காக 1.8 மடங்கு வேலை செய்கிறது.

பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா முதல் வரிசையில் அமைந்தது: வெளித்தோலுக்கு நேர் கீழே கார்பனும் ஆரிலேட் என்ற அதிர்வு விழுங்கும் இழையும் சேர்ந்த நெசவு. அதே நிறுவனத்தின் இன்னர்ஃபோர்ஸ் வகையில் அந்த நெசவு நடுமரத்தை ஒட்டி உள்ளே இருக்கும். உள்ளே வைத்ததால் குறையும் விறைப்பை மொத்தத் தடிமனைச் சற்றுக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம்.

விறைப்பின் மொத்த அளவோடு விஷயம் முடிவதில்லை. உள்ளே இழை வைத்த பிளேடில் லேசான அடியின்போது பந்தின் அடியில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெறும் மரம். அது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். ஓங்கி அடித்தால்தான் இழை முழுதாக வேலைக்கு வரும். வெளியே வைத்த பிளேடில் அரை மில்லிமீட்டர் தோலைத் தாண்டினால் இழை. எந்த அடியானாலும் உடனே பதில் சொல்லும். மேசையை ஒட்டி நின்று எதிராளியின் வேகத்தையே திருப்பி அனுப்புபவருக்கு இது வரம். வலையருகே பந்தைக் குட்டையாக வைக்க நினைப்பவருக்கு, பழகும் வரை, தொல்லை.

பலா ஏன் இல்லை

பிளேடு செய்யும் மரங்களின் பெயர்களெல்லாம் வெளியூர்ப் பெயர்கள். லிம்பா, கோட்டோ, அயூஸ் மூன்றும் ஆப்பிரிக்கா. கிரியும் ஹினோக்கியும் ஜப்பானில் புகழ்பெற்றவை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உயிரான நம் பலா இதில் சேராதா?

கணக்குப் போடலாம். பிளேடின் தலையும் கைப்பிடிக்குள் ஓடும் நாக்கும் சேர்ந்து சுமார் 120 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் பலா ஏறக்குறைய 0.6 கிராம். ஆக 72 கிராம். மேலே ஒட்டும் கைப்பிடித் துண்டுகளுக்கு 25 முதல் 30 கிராம் சேர்த்தால் 100 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்பும் எடை 85 முதல் 90. ரப்பர் சேர்ந்த மட்டை 185 கிராமுக்குப் பதில் 200 ஆகும். பிற்பகல் முழுக்க அதை வீச வேண்டுமே. கிரியின் அடர்த்தி பலாவில் பாதிகூட இல்லை. அதனால்தான் அது நடுவில்: வளைவைத் தடுக்கும் வேலை குறைவாக உள்ள இடத்தில் எடை குறைந்த மரம். பலாவை அரை மில்லிமீட்டர் தோலாகச் சீவி வெளியே ஒட்டினால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஆவல் உண்டு. நம் ஊர்த் தச்சுக்கலை மாணவர் யாராவது செய்து பார்க்கலாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே

மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். வெளியே ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். 80 விழுக்காடாக இருந்தால் 15 அல்லது 16. சித்திரைப் பிற்பகலில் திருச்சிக் காற்று எப்படிக் காயும் என்பதும், ஐப்பசியில் மழை பிடித்தபின் ஸ்ரீரங்கத்தில் துணி உலர எத்தனை நாளாகும் என்பதும் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

86 கிராம் பிளேடை எடுத்துக்கொள்வோம். சித்திரையில் அதில் 79 கிராம் மரம், 7 கிராம் நீர். ஈரம் முழுதாக ஏறினால் அதே பிளேடு 91 கிராம் ஆகும். ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால் மரத்தின் விறைப்பு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறையும். எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு போய்விடலாம். தடிமன் கணக்கில் இது 5.8 மில்லிமீட்டர் பிளேடு 5.6 ஆனதற்குச் சமம். பிளேடு மாறவில்லை, மாதம் மாறியது.

இது உச்சவரம்பு. ரப்பரும் பசையும் வார்னிஷும் ஈரத்தைத் தடுத்துத் தாமதப்படுத்தும். இழை அடுக்கு ஈரத்தைக் குடிப்பதில்லை. முழு மரப் பிளேடில் மாற்றம் அதிகம், இழை போட்டதில் குறைவு. மழைக்காலத்தில் 'பந்து வலையைத் தாண்ட மாட்டேன் என்கிறது' என்று ரப்பரை மட்டும் குறை சொல்பவர்கள் பிளேடின் விளிம்பையும் பார்க்கலாம். வெளித்தோலுக்கும் விளிம்புக்கும் மெல்லிய வார்னிஷ், விளிம்பைச் சுற்றி நாடா, உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். செலவு சொற்பம். ஒன்று மட்டும் கூடவே கூடாது: மாம்பழச்சாலையில் கிளம்பிக் காவிரிப் பாலம் தாண்டிப் பயிற்சிக்குப் போகிறவர் மட்டையை வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்துவது. அந்தப் பெட்டிக்குள் ஏறும் சூட்டில் பசை இளகும், அடுக்குகள் முறுக்கிக்கொள்ளும்.

சுண்டிப் பார்த்து வாங்குதல்

மண்பானையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பிளேடையும் அப்படியே வாங்கலாம். கைப்பிடியை இரு விரலால் தளர்வாகப் பிடித்து, தலையின் நடுவில் ஒரு பந்தால் தட்டுங்கள். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. ஓங்கி நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண், விறைப்பும் எடையும் சேர்ந்து பேசும் எண். ஒரே மாடலில் இரண்டு துண்டுகள் இருந்து ஒன்று 1,300, மற்றது 1,400 காட்டினால், எடையும் ஒன்றாக இருக்கும் பட்சத்தில், இரண்டாவது விறைப்பானது. ஒரே இடத்தில் பிடித்து, ஒரே இடத்தில் தட்ட வேண்டும், ரப்பர் ஒட்டும் முன் பார்க்க வேண்டும். நடுமரம் வேறுபட்ட மாடல்களை இந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. லேசான நடுமரம் தொனியைத் தானாகவே உயர்த்திக் காட்டும்.

எடையையும் பாருங்கள். மரம் மரம்தான், ஒரே மாடலில் 83 கிராமும் வரும், 91 கிராமும் வரும். பெட்டியில் இருப்பது சராசரி. கடையில் தராசு இல்லையென்றால் ஏதாவது நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஈர மாதத்தில் வாங்குபவர், மேலே சொன்ன நீரின் எடையையும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

யாருக்கு எது

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் இருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்டமுறை எவ்வளவு மாறும் என்பது புரியும். அசந்தா சரத் கமல், உயரமானவர். நீண்ட கை வீச்சோடு ஃபோர்ஹேண்டில் ஓங்கி அடித்து ஆடியவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம், 16 ஆண்டுகள் கழித்து 2022 பர்மிங்காமில் மீண்டும் ஒற்றையர் தங்கம், 10 முறை தேசியப் பட்டம். ஜி. சத்தியன் மேசையை விட்டு விலகாமல், குறுகிய வீச்சில், பந்து எழும்பும்போதே பிடித்துத் திருப்புபவர். 2021 தேசிய இறுதிப் போட்டியில் சரத்தை வென்றுதான் தன் முதல் பட்டத்தை எடுத்தார். பர்மிங்காம் ஒற்றையரில் அவருக்கு வெண்கலம். நீண்ட வீச்சுக்காரருக்கு வேகம் கையிலேயே இருக்கிறது. சற்று விட்டுக்கொடுக்கும் பிளேடு அவருக்குச் சுழலைத் தரும். குறுகிய வீச்சுக்காரருக்குக் கையில் இடமில்லை. பிளேடு குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இருவருமே தாக்குதல் ஆட்டக்காரர்கள். 'ஆஃப்' என்ற ஒரே முத்திரை இவர்கள் இருவருக்கும் என்ன சொல்லும்?

ஆட்டத்தின் விதிகளும் பிளேடைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன. 2000-ல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2008-ல் ரப்பரைத் துள்ள வைத்த கரைப்பான் பசைகள் தடை செய்யப்பட்டன. 2014-ல் செல்லுலாயிட் போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு முறையும் பந்தின் வேகமோ சுழலோ சற்றுக் குறைந்தது. அதை மீட்கப் பலரும் மேலும் விறைப்பான பிளேடுக்குப் போனார்கள். உலகத் தரத்தில் அது சரியான கணக்கு. மாவட்ட, மாநில அளவில் ஆடுபவர்களில் பலர் அந்தக் கணக்கைத் தங்களுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டது தவறு என்பது என் கருத்து. அவர்கள் இழக்கும் புள்ளிகள் ஸ்மாஷ் மெதுவாகப் போனதால் இழந்தவை அல்ல. சர்வீஸுக்குக் குட்டையாகத் திருப்ப நினைத்த பந்து அரை அடி நீண்டு போனதால் இழந்தவை.

ஆகவே புதுப் பிளேடைச் சோதிக்கும்போது ஓங்கி அடித்துப் பார்க்காதீர்கள். அதில் எல்லாப் பிளேடும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் கனத்த சுழல் சர்வீஸ்களை ஒருவரைப் போடச் சொல்லி, வலையருகே குட்டையாகத் திருப்புங்கள். அடுத்து, மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கீழ்ச்சுழலோடு வரும் பந்தை மெதுவாகத் தூக்கி டாப் ஸ்பின் செய்யுங்கள். இரண்டிலும் பந்து நினைத்த இடத்தில் விழுந்தால் பிளேடு உங்களுடையது. மாநிலப் போட்டிகளில் ஆடும், இரு பக்கமும் டாப் ஸ்பின்னை நம்பும் ஒருவர் என்னைக் கேட்டால், ஏழு அடுக்கு முழு மரப் பிளேடோ, இழையை உள்ளே வைத்த பிளேடோ, 6 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில், 85 முதல் 88 கிராமுக்குள் பார்த்து வாங்கச் சொல்வேன். மேசையை ஒட்டி நின்று பிளாக்கும் எதிரடியுமாக ஆடுபவர் இழையை வெளியே வைத்ததை வாங்கலாம். வாங்கியதை ஒரு சித்திரையும் ஓர் ஐப்பசியும் மாற்றாமல் ஆடிப் பாருங்கள். அதற்கு முன் இன்னொன்று வாங்காதீர்கள்.